சின்ன கரண்டுதானே!

கட்டிங் டேபிளின் மேல் நான் அந்தச் செருப்பு ஜோடியை எடுத்து வைத்ததும், என் வீட்டுக்காரர் செத்த எலியைக் கண்டவர்போலச் சட்டென்று பின்வாங்கினார்.

"மெஹர், மொதல்ல அத்த கீழ எறக்கு."

"புதுசுங்க. இப்பத்தான் வாங்கிட்டு வரேன். தெருவுல ஒரு தடவை கூட வைக்கலை."

"செருப்பு செருப்புதான். புதுச் செருப்புன்னா இன்னா, கொம்பா மொளச்சிருக்குது?"

வெள்ளை அடி, நீல வார் வைத்த சாதாரண ரப்பர் செருப்பு. பாண்டி பஜார் பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கியது. புது ரப்பர் வாசனை கடை முழுக்கப் பரவி, கஞ்சி போட்ட லைனிங் துணியின் வாசனையை அமுக்கிவிட்டது. நான் அதைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"மிஷின்ல உக்காரும்போது இதைப் போட்டுக்குங்க. வெறுங்கால் தரையில படக் கூடாது."

அவ்வளவுதான். கையிலிருந்த கத்தரிக்கோல் டேபிள் மேல் டணார் என்று விழுந்தது.

"ரோஜி குடுக்கற சாமான் மேல செருப்புக் கால வெக்கச் சொல்றியா? டீச்சரம்மா பேசற பேச்சா இது?"

ரோஜி என்றால் பிழைப்பு, அன்றாடச் சோறு. அவர் வீட்டில் உருது பேசி வளர்ந்தவர். கோபம் வந்தால் முதலில் உருது வரும். அடுத்து மெட்ராஸ் தமிழ் வரும். அதற்கும் மேலே போனால் மௌனம் வரும். அந்த மூன்றாவதுதான் எனக்கு ஆகாது.

மூலையில் பாயைப் போட்டு ரவிக்கைக்கு ஹூக் கட்டிக்கொண்டிருந்த பரிமளாவைப் பார்த்தேன், அவளாவது எனக்காகப் பேசுவாள் என்று. நல்ல ஆளைப் பார்த்தேன் போங்கள்!

"இன்னா டீச்சர் நீங்க? சாமியாண்ட யாராவது செருப்பு போட்டுக்கினு நிப்பாங்களா?"

தொழுகிறவரும் கும்பிடுகிறவளும் ஒரே கட்சி. நான் மட்டும் தனி. செருப்பைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

தைக்கலாமா டாக்டர்?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஹபீப், தியாகராய நகரில் ரவிக்கை தைப்பவர். ஜவுளிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், தெருவைவிட ஒரு படி தாழ்ந்த கடை. நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பிறகு மயிலாப்பூர் வீட்டில் சும்மா உட்கார முடியாமல், கடைக்குப் போய் பெண்களுக்கு அளவு எடுக்க ஆரம்பித்தேன். பரிமளா எங்களோடு பல வருடமாக இருப்பவள். ஆற்றோரம் இருந்த அவள் வீட்டை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்த பிறகும், பஸ் மாறி பஸ் ஏறி எங்களுக்கு முன்னால் வந்து ஷட்டர் அருகில் நிற்பாள்.

செருப்பு விவகாரத்துக்குச் சில வாரங்கள் முன்னால் இவர் பஸ்ஸில் மயங்கி விழுந்தார். இதயம் தயங்கித் தயங்கி அடிக்கிறது என்றார்கள். அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், இடது தோளெலும்புக்குக் கீழே தோலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "ஹபீப் பாய்க்குப் பேட்டரி வெச்சிருக்கு" என்பார்கள், ஏதோ டார்ச் லைட்டுக்குப் போட்டதுபோல.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், சின்ன வயசுப் பெண், பொறுமையாக எல்லாம் சொன்னாள். கையை இத்தனை நாள் மேலே தூக்கக் கூடாது, செல்போனை இடது பாக்கெட்டில் வைக்கக் கூடாது, இப்படி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இவர் கேட்ட ஒரே கேள்வி:

"மிஷின் தைக்கலாமா டாக்டர்?"

"தைக்கலாம் சார். ஆனா மோட்டார் நெஞ்சுகிட்ட வரக் கூடாது. கரண்ட் லீக் ஆகற எந்தச் சாமானையும் தொடவே கூடாது. லேசா சுருக்குன்னா கூட."

அவர் காதில் விழுந்தது 'தைக்கலாம்' மட்டும். என் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும். எங்கள் கடை மிஷின் லீக் ஆகும். தரை கொஞ்சம் ஈரமாக இருந்தால் போதும், மிஷினின் இரும்பு உடம்பைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு வரும்.

அதை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. "காலைல தொட்டா சலாம் சொல்லுது மெஹர்" என்பார். "சின்ன கரண்டு. அது இன்னா பண்ணும்?"

எட்டாம் வகுப்பில் கேட்ட கேள்வி

சின்ன கரண்ட் என்ன செய்யும்? இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது அவர் இல்லை. ஒவ்வொரு வருடமும் மின்சாரப் பாடம் நடத்தும்போது எட்டாம் வகுப்பில் யாராவது ஒரு பெண் எழுந்து, பயமும் ஆசையுமாகக் கேட்பாள்: "டீச்சர், எவ்ளோ வோல்ட் இருந்தா செத்துப்போவோம்?"

நான் சிரிப்பேன். எவ்வளவு வோல்ட் என்பதில் பாதி விஷயம்தான் இருக்கிறது, மீதி பாதி உன்னிடம் இருக்கிறது என்பேன். வோல்ட் என்பது பின்னால் இருந்து தள்ளுகிற தள்ளு. உள்ளே எவ்வளவு நுழைகிறது என்பதைத் தீர்மானிப்பது நம் தோல். காய்ந்த தோல் தாழ் போட்ட கதவு மாதிரி. டார்ச் பேட்டரியின் இரண்டு முனையையும் விரலால் பிடித்தால் ஒன்றுமே தெரியாது, அதனால்தான். வேர்த்த தோலும் நனைந்த காலும் திறந்து போட்ட கதவு. வீட்டுக்கு வருகிற மின்சாரத்தை, மின்வாரியக் கணக்கில் தாழ்ந்த அழுத்தம் என்றுதான் சொல்கிறார்கள். அந்தத் தாழ்ந்த அழுத்தம் எத்தனை வீட்டில் ஆளைக் கொண்டுபோயிருக்கிறது!

இன்னொன்றும் சொல்வேன். எங்கே நுழைந்து எங்கே வெளியே போகிறது என்று பார்க்க வேண்டும். கையில் நுழைந்து காலில் இறங்கினால் வழியில் நெஞ்சு இருக்கிறது. இதயமும் மின்சாரத்தில் ஓடுகிற சாமான்தான். வெளியிலிருந்து வருவது அதன் தாளத்தைக் கலைத்துவிட்டால் போச்சு.

ஒருமுறை ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். அவள் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். ஆட்டோ பேட்டரியில் ஷாக்கே அடிக்காது டீச்சர், ஆனால் எங்கப்பா விரலைப் பாருங்கள் என்று மறுநாள் அவரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஸ்பானரைப் போட்டுத் திருகும்போது மோதிரம் நடுவில் மாட்டிக்கொண்டதாம். மோதிரம் பழுக்கக் காய்ந்து, விரலைச் சுற்றி வளையமாக ஒரு தழும்பு. ஷாக் அடிக்காத பேட்டரிதான், ஆனால் சுட்டுவிட்டது. அந்த மனிதர் வகுப்பு முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு விரலை நீட்டி நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இவ்வளவும் தெரிந்தவள் நான். தெரிந்து என்ன பிரயோசனம்? வீட்டில் இருக்கிற ஒரே மாணவர் பெஞ்சில் உட்காரவே மாட்டேன் என்கிறார்.

ஷாக்குக்குப் பழகியவர்கள்

நம் ஆட்களிடம் ஒரு விசேஷ குணம் உண்டு. ஷாக் அடிக்கிற சாமானை நாம் சரி செய்வதில்லை, அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்கிறோம். எங்கள் அம்மா வீட்டு ஃபிரிட்ஜ் கைப்பிடியில் எப்போதும் ஒரு பழைய துணி சுற்றியிருக்கும். அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒருநாள் அதைத் துவைக்கப் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அண்டை வீட்டில் தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் போடுவதற்கென்றே ஒரு குச்சி ஆணியில் தொங்கும். விருந்தாளி வந்தால் குச்சி இருக்கும் இடத்தையும் சேர்த்துக் காட்டுவார்கள்.

கடைக்கு ரவிக்கை தைக்க வரும் மயிலாப்பூர் மாமி ஒருவரிடம் இந்தக் கவலையைச் சொன்னேன். "எங்காத்து கீசர் கூட அப்படித்தான், சுருக் சுருக்குன்னு இருக்கும். லேசா அடிச்சா ரத்த ஓட்டத்துக்கு நல்லதுன்னு சொல்றாளே!" என்றார். யார் சொல்றா மாமி, அவாளை என்னிடம் அனுப்புங்கோ என்றேன்.

தையல்காரர்களின் பழக்கம் இதற்கெல்லாம் மேலே. எந்தத் தையல்காரரும் செருப்புக் காலால் மிஷினை மிதிக்க மாட்டார். காலால் மிதித்து ஓட்டிய காலத்தில் தொடங்கிய மரியாதை அது. மிஷினும் மரப்பலகையுமாக இருந்தபோது அதில் ஆபத்து இல்லை. மூட்டு வலி வந்து இவர் மோட்டார் மாட்டிக்கொண்ட பிறகும் மரியாதை மட்டும் அப்படியே இருந்துவிட்டது. வாசல்படியில் செருப்பைக் கழற்றுவார், மிஷின் தலையை வலது கையால் தொடுவார், கண்ணில் ஒற்றிக்கொள்வார், பிஸ்மில்லா சொல்லி உட்காருவார். வெறுங்கால், இரும்பு மிஷின், ஈரத் தரை. ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால் கூட இதில் என்ன தப்பு என்று சொல்லிவிடுவாள்.

அந்த மரியாதையை நான் பழிக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவர் மிஷினைத் தொடுகிற அழகுக்காகத்தான் கல்யாணமான புதிதில் கடைக்கு அடிக்கடி போவேன். அந்தத் தொடுதலே அவரைக் கொண்டுபோய்விடுமோ என்ற பயம்தான் என்னைத் தின்றது.

தீபாவளி கழியட்டும்

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் இல்லை. வந்தார். டெஸ்டரை மிஷினில் வைத்தார். உள்ளே விளக்கு மினுக் மினுக்கென்றது.

"லீக்கேஜ்தான் மேடம். மோட்டாரும் பழசு, கட்டடத்துக்கு எர்த்தும் சரியில்ல. ரெண்டையும் மாத்தணும். ஓனர் கிட்ட கேட்டு சுவத்த ஒடைக்கணும், கடைய மூடி வெச்சாதான் முடியும்."

கடையை மூடுவதா? தீபாவளிக்கு முந்தின வாரங்கள். ரவிக்கைப் பைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ரங்கநாதன் தெருவிலிருந்து வழிந்த கூட்டம் எங்கள் சந்து வரை வந்து இடித்துக்கொண்டிருந்தது. ஓனரும் தீபாவளி கழியட்டும் என்றார், இவரும் தீபாவளி கழியட்டும் என்றார்.

நான் கெஞ்சினேன். மிரட்டினேன். வீட்டில் இரண்டு நாள் உப்பில்லாமல் சமைத்துப் பார்த்தேன். டாக்டர் சொல்லித்தான் என்று நினைத்து, உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார், அந்த மனிதர்! கடைசியில்தான் அந்த ரப்பர் செருப்பை வாங்கினேன். அது என்ன கதியாயிற்று என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ராத்திரி படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. பக்கத்தில் அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். தோலுக்குக் கீழே அந்தச் சின்னக் கருவி, நாம் உணரக்கூட முடியாத மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து அவரை எனக்கு மிச்சம் வைத்திருந்தது. அது சின்ன கரண்ட்தான். மிஷினில் கசிவதும் சின்ன கரண்ட்தான். வெளியிலிருந்து வருவது உள்ளே இருப்பதைக் குழப்பிவிட்டால் என்ன செய்வது? கணக்கு போட்டுப் போட்டுப் பார்ப்பேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தேன். அவரை வழியில் டீக்கடையில் விட்டுவிட்டு, பெருக்க வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும் என்று ஏதாவது சாக்கு சொல்லி முன்னால் போய்விடுவேன். கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் உட்காரும் இடத்தில் வெறுங்காலோடு நிற்பேன். சுவிட்சைப் போடுவேன். புறங்கையால் மிஷினைத் தொட்டுப் பார்ப்பேன்.

புறங்கை ஏன் என்று கேட்பீர்கள். ஷாக் அடித்தால் தசை சுருங்கும். உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கி அந்தச் சாமானையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. புறங்கை என்றால் சுருங்கும்போது கை விலகி வந்துவிடும். வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். கூடவே, யாரும் எப்போதும் இப்படித் தொட்டுப் பார்க்கவே கூடாது என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டெஸ்டர் என்று ஒன்று இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் டெஸ்டர் எந்தக் கசிவுக்கும் ஒரே மாதிரி மினுக்கென்கிறது. அது எவ்வளவு பலமாகக் கடிக்கிறது என்று என் உடம்பு சொன்னால்தான் நம்புவேன் என்று தோன்றிவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். அவர் நெஞ்சைத் தொடுவதற்கு முன்னால் அது என்னைத் தொடட்டும் என்று நினைத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

குறுகுறுப்பு வழக்கம்போல இருந்தால் தரையைத் துடைத்துக் காயவைத்து, பாயை மடித்து அவர் காலுக்குக் கீழே போடுவேன். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது என்று பொய் சொல்லி, அவரை வெட்டு வேலையில் உட்கார வைப்பேன்.

இதெல்லாம் பரிமளாவுக்குத் தெரியும். "வாணாம் டீச்சர், வெளாட்டு இல்ல இது" என்று தினமும் தலையில் அடித்துக்கொள்வாள். மாஸ்டரிடம் சொன்னால் உன்னோடு பேச மாட்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

மழை பெய்த காலை

அன்று விடிய விடிய மழை. ஷட்டருக்கு அடியில் தண்ணீர் புகுந்து கடைத் தரை முழுக்கச் சொதசொதவென்று இருந்தது. வாசல் பக்கம் பரிமளா துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் இவர் மிஷின் தலையைச் சாய்த்து எண்ணெய் போட்டிருந்தார். வேலை அதிகமாக ஓடினால் அப்படிப் போடுவது வழக்கம். திரும்ப நிமிர்த்தி வைக்கும்போது மோட்டார் ஒயர் தலைக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வருடக்கணக்காக எண்ணெயில் ஊறி வெடித்துப்போன ஒயர். நசுங்கிய இடத்தில் உள்ளே இருந்த செம்பு இரும்பைத் தொட்டுவிட்டது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், நான் சுவிட்சைப் போட்டேன், புறங்கையை வைத்தேன் என்பதுதான்.

யாரோ தோள்பட்டையில் உலக்கையால் ஓங்கி அடித்ததுபோல இருந்தது. கை தானாகத் தெறித்துப் பின்னால் போய் கட்டிங் டேபிள் விளிம்பில் மோதியது. நான் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தச் சுவை. பரிமளா கத்துவது எங்கோ பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோலக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து இவர் வாசலில் வந்து நின்றார்.

கையிலிருந்த குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஓடி வருகிற அந்த அவசரத்திலும் படியில் செருப்பை உதறிவிட்டு வந்தார், பாருங்கள்! வெறுங்காலோடு, தேங்கி நின்ற தண்ணீரில். என்னைத் தூக்கக் குனியும்போது பிடிமானத்துக்காக ஒரு கையை மிஷின் பக்கம் நீட்டினார்.

எத்தனை நாளாக எதற்குப் பயந்தேனோ அது என் கண்ணெதிரே நடக்கப்போகிறது. கத்த வாயைத் திறக்கிறேன், குரல் வரவில்லை. அல்லாவே, என்னை எடுத்துக்கொள், இவரை விட்டுவிடு என்று மனசு மட்டும் கத்துகிறது.

"மாஸ்டர்! தொடாத! மிசின தொடாத, அப்டியே நில்லு!"

பரிமளா அதுவரை அவரை ஒருமையில் பேசியதே இல்லை. அந்த அதட்டலில் அவர் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவள் துடைப்பத்தைத் திருப்பி, காய்ந்திருந்த மரக்கட்டைப் பக்கத்தால் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். அதன் பிறகுதான் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்ன, விழுந்தார்.

ஆட்டோவில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், மூச்சு வாங்கிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தபடி நின்ற இவரைப் பார்த்து, பேஸ்மேக்கர் புடைப்பையும் பார்த்து, இவரைப் படுக்கையில் படுக்க வைக்கப் போய்விட்டார். "நான் இல்ல டாக்டர், அவங்க! அவங்க!" என்று இவர் என்னைக் காட்டியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. இ.சி.ஜி. எடுத்தார்கள், சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்த்தார்கள். புறங்கையில் பட்டாணி அளவு ஒரு கொப்புளம். தோள் மட்டும் வலி.

"மிஷின எதுக்குத் தொட்டே?" என்று கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார். நான் சும்மா தூசு தட்டினேன் என்றேன்.

"பொய்யி" என்றாள் பரிமளா. "டெய்லி இதே வேலதான் மாஸ்டர். நீங்க வர்றதுக்குள்ள வெறுங்கால்ல நின்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் உங்கள உக்கார வுடுவாங்க. என்னிய பேச வாணாம்னு வாய அடச்சி வெச்சிருந்தாங்க. நீங்க என்னோட பேசாட்டியும் பரவால்ல டீச்சர், நான் சொல்லிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். உருதும் வரவில்லை, தமிழும் வரவில்லை. நேராக மூன்றாவதுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது

மறுநாள் கடை திறக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால், அந்தக் கூட்டத்தில், எங்கள் ஷட்டர் மட்டும் மூடியிருந்தது. ஓனர் வீட்டு வாசலில் போய் இவர் நின்றாராம். என்ன பேசினார் என்று தெரியாது. எலக்ட்ரீஷியன் வந்து சுவரை உடைத்தார். தரைக்குள் புதிதாக எர்த் இறக்கினார். புது மோட்டார், மூன்று கால் பிளக், கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தானாக அணைந்துவிடும் ட்ரிப்பர் எல்லாம் வந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பரிமளா ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சமாதானம் சொன்னாள். மயிலாப்பூர் மாமி கோபித்துக்கொண்டு ரவிக்கைத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துக் காட்டினார். விளக்கு எரியவே இல்லை. "இனிமே தாராளமா வெறுங்கால்லயே தைக்கலாம் மாஸ்டர்" என்றார்.

இவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாளாக என்னிடம் சாப்பாடு, மாத்திரை, பஸ் வந்துவிட்டது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எலக்ட்ரீஷியன் போனதும் மேல் தட்டில் நான் ஒளித்து வைத்திருந்த பையை எடுத்தார். அந்த ரப்பர் செருப்பை வெளியே எடுத்து, குழாயடியில் போய்க் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மிஷினுக்குக் கீழே வைத்தார். மிஷின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கை அங்கேயே இருந்தது, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அப்புறம் செருப்பில் காலை நுழைத்து உட்கார்ந்தார்.

பரிமளா ஊசியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் கெஞ்சினப்ப போடலை. எலக்ட்ரீஷியனே வேணாம்னுட்டுப் போறார், இப்ப மட்டும் எதுக்காம்?" என்றேன்.

ஊசிக்கு அடியில் துணியை வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நாளைக்கு இது கெட்டுப்போவும், இன்னொண்ணு லீக் ஆவும். ஆனா நான் செருப்பு போட்டுக்கினு இருந்தா நீ வந்து தொட்டுப் பாக்க மாட்ட இல்ல? எனக்கு நெஞ்சுல பேட்டரி கீது மெஹர். நின்னுப்போனா அது தட்டி எழுப்பும். உனக்கு இன்னா கீது?"

நான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வாசலில் யாரோ அளவு கொடுக்க வந்துவிட்டார்கள், டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதை இதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. எங்களுக்குள் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. இந்தப் பத்திரிகை வந்தால் கடையில் பரிமளாதான் சத்தமாகப் படித்துக் காட்டுவாள், அவர் தைத்துக்கொண்டே கேட்பார். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். பரவாயில்லை, ஒரு வரிதான்.

பரிமளா, இதுவரைக்கும் படித்தது போதும். மிஷினை நிறுத்தச் சொல்லி, பத்திரிகையை அவர் கையில் கொடு.

எனக்கு நீங்க இருக்கீங்க.